போட்டு வாறன்

றோயின் குரலில் ஒரு சொல் குறைந்திருந்தது.

தனுஷா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டாள். நேற்று வரை, நாடகத்து விண்கலத்தின் இரைச்சலுக்கு நடுவே, "போட்டு வாறன்" என்று தெளிவாக இருந்தது. இன்று "வாறன்" மட்டும்தான். வெட்டினது யார்? அந்தக் கணினியைத் தொடுகிற ஆள் வீட்டில் அவள் ஒருத்திதான். தூக்கக் கலக்கத்தில் தானே வெட்டியிருப்பாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டின் பின்னறைதான் அவளுடைய விண்வெளி. சுவரெல்லாம் பழைய மெத்தைகளைச் சாத்தி, யன்னலைப் போர்வையால் அடைத்து, இரைச்சல் பதிந்துவிடும் என்று மின்விசிறியையும் நிறுத்தி, வியர்வையில் ஊறிக்கொண்டுதான் 'நெடுஞ்சுற்று' என்ற விஞ்ஞான ஒலிநாடகத்தின் முதல் இரண்டு பாகங்களையும் செய்து இணையத்தில் விட்டிருந்தாள். கப்பல் தலைவனாக நடித்தவன் றோய். தலைக்கவசக் குரல் வேண்டும் என்பதற்காக அவன் தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துத்தான் கதைக்கவைத்தாள் என்பது ரொறன்ரோவிலும் லண்டனிலும் கேட்டு உருகியவர்களுக்குத் தெரியாது. மூன்றாம் பாகத்தோடு கதை முடிகிறது. பூமிக்குத் திரும்ப வழியில்லை என்று விளங்கிய தலைவன், வானொலியில் தாயிடம் "நான் போறன்" என்று சொல்லிவிட்டு இருட்டுக்குள் போய்விட வேண்டும்.

அந்த வரியைச் சொல்ல றோய் மறுத்துவிட்டான்.

"அக்கா, போறன் எண்டு ஆராவது சொல்லுவினமே? அம்மா கேட்டாக் குழறி அழுவா. நான் போட்டு வாறன் எண்டு சொல்லுறன்."

"அவன் திரும்பி வரமாட்டான் றோய். அதுதான் கதையே."

"கதை உங்கடை. வாய் என்ரையெல்லோ!"

அவளுக்கும் அது தெரியாததல்ல. வீட்டுப் படியால் இறங்கும்போது 'போறன்' என்று சொல்லி யாழ்ப்பாணத்தில் யாரும் போவதில்லை. கடைக்குப் போனாலும் கனடாவுக்குப் போனாலும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன் என்பதுதான். நிற்கிறவர்களும் 'ஓம், போட்டு வா' என்று விடைகொடுக்க வேண்டும். சரி, இன்றைக்கு அவன் சொல்வதையே பதிந்துவிட்டு, அடுத்த கிழமை நல்லவிதமாகக் கதைத்துச் சொல்லவைக்கலாம் என்று விட்டாள். அடுத்த கிழமை அவனுக்கு டெங்கு. அதோடு போய்விட்டான்.

செத்தவீட்டில் மட்டும் அந்தச் சொல்லை யாரும் எடுப்பதில்லை. வந்தவர்கள் இருந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போவார்கள். சொன்னால் போன சாவு திரும்பி வந்துவிடும். குருநகரில் றோயின் சவப்பெட்டியடியில் இருந்துவிட்டுத் தனுஷாவும் அப்படித்தான் வாய் திறக்காமல் எழுந்து வந்தாள். அவ்வளவு கவனமாக இருந்தவள், முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு அவன் தாய் அற்புதராணி தொலைபேசியில் "அவன்ரை குரல் ஏதும் கிடக்கே பிள்ளை?" என்று அழுததும், மனம் பொறுக்காமல் அந்தக் கடைசி வரியை வெட்டி வாட்ஸப்பில் அனுப்பிவிட்டாள்.

பென்டிரைவில் வைத்திருந்த மூலப் பிரதியைப் போட்டாள். அதிலும் "வாறன்" மட்டும்தான். ஆனால் இப்போது அதற்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. விண்கலத்து இரைச்சலுக்காக அவள் குளிர்சாதனப் பெட்டியின் உறுமலைப் பதிந்து நீட்டிப் போட்டிருந்தாள். அந்த உறுமலுக்கு அடியில், வெகுதூரத்தில், மணலில் செருப்பை இழுத்து இழுத்து யாரோ நடந்துகொண்டிருந்தார்கள். அவள் ஒலியைக் கூட்டினாள். நடை நின்றது. குறைத்தாள். மறுபடி நடந்தது. கோயில் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது, நாய் ஒன்று குரைக்கத் தொடங்கி இடையிலேயே ஊளையாக மாறியது. அவள் எழுதிய விண்வெளியில் மணலும் இல்லை, மணியும் இல்லை, நாயும் இல்லை. நல்ல பின்னேர வெயில் வெளியே எரிந்துகொண்டிருந்தது. அந்த வரியின் இன்னொரு பிரதி றோயின் தாயிடம்தான் இருந்தது.

அற்புதராணிக்கு அழைத்தாள்.

"அன்ரி, நான் அனுப்பினதைக் கேக்கிறனீங்களோ?"

"வேறை என்ன வேலை எனக்கு? விடியவும் கேப்பன், படுக்கேக்கையும் கேப்பன். அவன் சொல்லச் சொல்ல, ஓம் ராசா, போட்டு வா எண்டு நானும் சொல்லுவன். பிள்ளை சொல்லேக்கை தாய் பேசாமல் நிக்கலாமே?"

தனுஷாவுக்கு அப்போதுதான் விளங்கியது. போனவனுக்குத் தாய் விடைகொடுத்துக்கொண்டிருக்கிறாள். போய்விட்டு வா என்று. ஒவ்வொரு நாளும்.

"அன்ரி, இனிச் சொல்லாதேங்கோ. அதை அழிச்சுப்போடுங்கோ. நான் உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? இண்டைக்குத்தான் அவன்ரை குரல் நல்லாக் கிட்டக் கேக்குது. பொறு பிள்ளை, படலையடியிலை ஆரோ..."

தொடர்பு அறுந்தது. திரும்பத் திரும்ப அழைத்தாள். எடுக்கவில்லை. கணினித் திரையில், அவள் கை வைக்காமலே, ஒலி ஓடத் தொடங்கியது. இரைச்சல் இல்லை. நடை இல்லை. வாசல் படலையின் கொழுக்கி விழும் சத்தம் மட்டும். பிறகு, வாளியில்லாத, சாதாரணமான, சந்தோசமான றோயின் குரல்.

"வந்திட்டன்."

வீட்டைப் பூட்டாமலே ஸ்கூட்டியை எடுத்தாள். சந்தி. பேருந்து. யாரோ ஏசினார்கள். காதில் எதுவும் ஏறவில்லை. அந்த மனிசி கதவைத் திறக்கக்கூடாது. மாதாவே, திறக்கக்கூடாது. சைவக்காரி அவள், வாயில் மாதாதான் வந்தது.

குருநகர் வீட்டுப் படலை திறந்திருந்தது. கதவும்.

உள்ளே மெழுகுதிரி மணம். மீன்குழம்பு மணம். இரண்டுக்கும் கீழே, கிண்டின குழியின் ஈரமண் மணம். அற்புதராணி மேசையடியில் உட்கார்ந்து சோறு குழைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு கதிரை. வெறும் கதிரை. அதன் பிரம்பு இருக்கை பாரத்தில் தாழ்ந்திருந்தது.

"ஆ... காட்டு," என்றார் அற்புதராணி. கவளம் மேசைக்கு மேலாகப் போனது. கை வெறுமையாகத் திரும்பி வந்தது. தரையில் ஒரு சோறுகூட விழவில்லை.

"அன்ரி..."

அவர் திரும்பினார். அத்தனை நாள் அழுத முகமா அது? கலியாண வீட்டுக்காரியின் முகம்போல மலர்ந்திருந்தது.

"வா பிள்ளை, வா. உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தவன்." கதிரைப் பக்கம் பார்த்து, "தள்ளி இரடா, அக்காவுக்கு இடம் விடு," என்றார்.

சீமெந்துத் தரையில் கிறீச்சென்று கதிரை நகர்ந்தது.

தனுஷாவால் ஓட முடியவில்லை. அற்புதராணியின் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் நகங்கள் இல்லை. நடுவிரலில் பாதி இல்லை. சாப்பாட்டுக் கோப்பையில் சோறு சிவந்து கிடந்தது.

"பாவம், நல்ல பசி," என்றார் அற்புதராணி சிரித்துக்கொண்டு. "கடிக்கிறான்."

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார்.