தலைமாட்டுக் கதவு

காலை எட்டரைக்கு ஜெயரூபி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவள் ஏறிவந்த ஓட்டோவின் கூரையில் ஒரு பழைய கதவு கட்டியிருந்தது.

லிங்கநகரில் ஒரு வீட்டின் பின்பக்கத்து அறையும் சமைக்கச் சின்னக் குசினியும்தான் அவளுடைய இருப்பிடம். ஆஸ்பத்திரியில் தாதி. வெருகலில் இருந்து மாற்றலாகி வந்து ஏழு மாதம். ஏழு மாதமும் இரவு வேலை. ஊர் எழும்பும் நேரத்தில் அவள் யன்னலைச் சாத்திவிட்டுப் படுப்பாள். அத்தனை நாளில் அவளுடைய கதவை ஒருவரும் தட்டியதில்லை. பக்கத்து வீட்டு சப்ரினாகூட மதிலுக்கு மேலால் சிரிப்பதோடு சரி.

அவளுடைய கட்டிலுக்குத் தலைமாட்டில் பலகை இல்லை. உப்புக்காற்றில் பொரிந்த சுண்ணாம்பு நித்திரையில் தலைமயிருக்குள் உதிர்ந்தது. புதுக் கட்டில் வாங்கலாம்தான். ஆனால் தனக்கென்று தன் கையால் ஒன்று செய்துபார்க்க ஆசைப்பட்டாள். பதினொரு வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவைத் தூக்கி, துடைத்து, புரட்டிய கைகள். அம்மா போனபிறகு அவற்றை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"முதிரை மரம், மிஸ். இடிச்ச வீட்டு அறைக்கதவு. கறையான் கிட்டவும் வராது," என்று சொல்லி, ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் பழைய பலகை விற்கும் முத்தலிப் தானே ஏற்றிக் கட்டிவிட்டார்.

லீவு நாள் இரண்டும் முற்றத்தில் போயின. பிணைச்சலைக் கழற்றினாள். துருவேறிய ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பச்சைப் பெயின்ற் சுரண்ட நீலம் வந்தது, நீலத்துக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே மஞ்சள் பூசிய தோல்போல முதிரையின் நிறம். தாழ்ப்பாள் இருந்த துளைகள் கதவின் வெளிப்பக்கத்தில் இருந்தன. உள்பக்கத்தில், நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில், ஒரு சிறு பள்ளம். உளி பட்ட பள்ளமல்ல. விரலால் தடவினால் வழுவழுவென்று இருந்தது.

வடிவில்லாத அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். கதவைக் கிடையாக வைத்து, கட்டிலின் அகலத்துக்கு வெட்டி, இரண்டு கால் அடித்து, ஸ்க்ரூ போட்டு இறுக்கினாள். வார்னிஷ் காய்ந்ததும் போனில் படம் எடுத்தாள். யாருக்கு அனுப்பலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கனடாவில் அண்ணனுக்கு இப்போது நடுச்சாமம். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த நாள் வேலையால் வந்து படுத்தாள். பகல் பன்னிரண்டு மணியிருக்கும். துறைமுகத்தில் கப்பலொன்று ஊதி ஓய்ந்தது. வெயிலுக்குக் காகங்களும் அடங்கிப்போன நேரம்.

டொக். டொக். டொக்.

அவள் கண் விழித்தாள். சத்தம் தலைக்குப் பின்னால் இருந்து வந்தது. பின்சுவருக்கு அப்பால் வெறும் வளவு. ஊருக்குள் திரியும் மான்கள் வந்து சுவரில் உடம்பை உரசுவதுண்டு. மான்தான் என்று நினைத்துத் திரும்பிப் படுத்தாள்.

டொக். டொக். டொக்.

மான் இப்படித் தட்டாது. இது மடக்கிய விரலின் மொளி. வீட்டாருக்குத் தொந்தரவு தரக்கூடாதென்று பயந்து பயந்து தட்டுகிற கை.

மூன்று நாள் அதே நேரத்தில் அது தட்டியது. காதை மூடினாலும் பலகையின் அதிர்வு தலையணைக்கு வந்தது. நாலாம் நாள் அவளுக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. கடைசி வருடத்தில் ஒரு மணித்தியால நித்திரைக்காக அம்மாவின் அறைக்கதவைச் சாத்துவாள். அம்மா கட்டில் சட்டத்தில் தட்டுவது கேட்கும். கேட்டும் எழும்பாமல் கிடப்பாள்.

டொக். டொக். டொக்.

அரைத் தூக்கத்தில் அவள் சொன்னாள்:

"வாங்கோ."

தட்டல் நின்றது.

அதன்பின் இரண்டு நாள் சுகமாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் பகல், கட்டிலின் மற்றப் பாதி மெல்லப் பதிந்தது.

அவள் அசையவில்லை.

மணம் வந்தது. நெடுநாள் எழும்பாமல் கிடக்கும் உடம்பின் மணம், அதற்கு மேலே பூசிய பவுடரின் மணம். பதினொரு வருடம் அவளுக்குப் பழகிய மணம்தான். ஆனால் இது அம்மா இல்லை. அம்மாவின் மூச்சு அவளுக்குத் தெரியும். இந்த மூச்சு அவளுக்குத் தெரியாது.

அது அவளுடைய கழுத்தில் பட்டது.

எப்படி எழும்பி முற்றத்துக்கு ஓடினாளோ தெரியாது. வெயிலில் வெகுநேரம் நின்றாள். பிறகு யன்னல்களையெல்லாம் அகலத் திறந்துவிட்டு, ஸ்க்ரூ ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையை ஓட்டோவில் ஏற்றி முத்தலிப்பிடமே கொண்டுபோனாள்.

"முத்தலிப் நானா, இது ஆருடைய அறைக் கதவு?"

அவர் பலகையை இறக்கிச் சுவரில் சாத்தினார்.

"ஏலாத பொம்புள ஒராள் இருந்தவ, மிஸ். நடக்க ஏலாது, நிலத்தில அரைஞ்சுதான் திரியிற. வீட்டாக்கள் வெளியால தாழ்ப்பாளப் போட்டுட்டு வேலைக்குப் போவாங்களாம். அவ சாகும்வரைக்கும் இருந்தபடியே கதவைத் தட்டிட்டு இருப்பாவாம்."

"ஒருத்தரும் போய்த் திறக்கேல்லையா?"

"பக்கத்து வீட்டாக்களுக்குப் பழகிப் போச்சுதாம்." அவர் பலகையைப் பார்க்காமல் சொன்னார். "வெச்சுட்டுப் போங்க. நான் எரிச்சிடுறன்."

அவர் எரித்தும்விட்டார். அவள் நின்று பார்த்தாள். முதிரை மெதுவாகத்தான் பிடித்தது. பிடித்தபின் சத்தமில்லாமல் எரிந்தது.

அன்று பின்னேரம் அவளுக்குக் காய்ச்சல் தொடங்கியது. லீவு சொல்லிவிட்டு, அறைக்கதவை உள்ளால் பூட்டிக்கொண்டு படுத்தாள். தலைமாட்டில் வெறும் சுவர். தட்டல் இல்லை, மணம் இல்லை, கட்டில் பதியவும் இல்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். தண்ணீர் எடுத்துத் தரவும் ஆளில்லை. காய்ச்சல் ஏறிய ஒரு கணத்தில், நெருப்பில் போட்டது பாவமோ என்றுகூட நினைத்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அறைக்கதவு தட்டப்பட்டது. பலமாக, உரிமையோடு.

"அக்கா! நான் சப்ரினா. ரெண்டு நாளாக் கண்டதில்ல. கஞ்சி கொண்டுவந்திருக்கன். உள்ளுக்கா இருக்கீங்க?"

ஏழு மாதத்தில் முதன்முதலாக அவளைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள். ஜெயரூபிக்குக் கண் கலங்கியது. பதில் சொல்ல வாய் எடுத்தாள். தொண்டை வறண்டு சத்தம் வரவில்லை.

அவளுடைய தலையணைக்குப் பக்கத்தில் இருந்து, பயந்து பயந்து, ஆனால் வெளியே நன்றாகக் கேட்கும்படி, ஒரு குரல் சொன்னது:

"ஓம். ரெண்டு பேரும் இருக்கிறம்."