அடங்கிய எஞ்சின்

"ஏ புள்ள! மூட்டையை அப்படியே கவுத்துட்டியா?"

ஆயில் எஞ்சின் ஓட்டும் இன்னாசிராஜ் அலறிக்கொண்டு ஓடிவந்தான். அரவைக் குழியருகே மாரியாயி நிமிர்ந்தாள். தவிடு படிந்த இமைகளுக்குள் இரண்டு கண்கள்... மழைக்கு முன்னால் கொள்ளிடம் கறுக்குமே, அந்தக் கறுப்பு. திட்ட வந்தவன் அந்தக் கண்களையே பார்த்தான்.

"கை தவறிப் போச்சுங்க. மெதுவா சொல்லுங்க, காது கேக்குது."

"முறத்தால அள்ளிப் போட்டா எஞ்சின் தாங்கும். மொத்தமா கொட்டுனா, வேகத்தக் கட்டுப்படுத்துற கவர்னர் குண்டு தடுமாறிடும். வேகம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்... நான் கையால புடிச்சாத்தான் அடங்கும்."

"உங்களவிட உங்க எஞ்சினுக்கு ரோஷம் அதிகம் போல!"

ஸ்ரீரங்கத்து ரைஸ் மில்லில் அந்த ஐப்பசி முழுக்க மூட்டை கவிழ்ந்துகொண்டே இருந்தது. எஞ்சின் ஓலமிடும். அவன் ஓடிவந்து திட்டுவான். அவள் முந்தானையைக் கடித்துச் சிரிப்பாள்.

ஒருநாள் அவள் அண்ணன் வீரமலை எஞ்சின் அறைக்கே வந்துவிட்டான்.

"டிரைவரே, நீங்க மாதா கோயில். நாங்க சமயபுரத்தா புள்ளைங்க. தங்கச்சி பேரு கெட்டா, கட்டிக்க எவன் வருவான்?"

இன்னாசிராஜுக்குச் சுருக்கென்றது. மறுநாளே கவர்னரோடு எண்ணெய் நிரப்பிய ஒரு குழாயைப் பொருத்தினான். அந்த எண்ணெய்க்குள் கவர்னரின் தண்டு நிதானமாக நகர, குண்டுகளின் துள்ளல் குறைந்தது. இனி எவ்வளவு கொட்டினாலும் எஞ்சின் தானாகவே அடங்கும். அவன் வெளியே வர வேண்டியதில்லை.

அவள் கவிழ்த்துப் பார்த்தாள். எஞ்சின் ஒருமுறை முனகிற்று, அடங்கிற்று. யாரும் வரவில்லை. 'என் மூஞ்சியில முழிக்காம இருக்கத்தானா இந்த வேலை?' அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தையில் தொட்டியத்து மாப்பிள்ளை நிச்சயமானான். மில்லில் அவளுக்குக் கடைசி நாள். காலங்கெட்ட மழை... முழு மூட்டையை இழுத்து வந்து கவிழ்த்தாள். எஞ்சின் குலுங்கியது... ஏறியது... இறங்கியது... அடங்கியது.

காலிச் சாக்கை முகத்தில் அழுத்திக்கொண்டாள். எடுத்தபோது எதிரே அவன்.

"அதான் அடங்கிருச்சே... பெறகு எதுக்கு வந்தீங்க?"

எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எஞ்சின் அடங்கிருச்சு மாரியாயி. நான் அடங்கலையே... மொத நாளே உன்மேல உசுர வச்சுட்டேன்."

"இதச் சொல்ல இன்னைக்குத்தான் நாள் பாத்தீங்களா?"

வெளியே அண்ணனின் சைக்கிள் மணி கேட்டது. சாக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு மழைக்குள் இறங்கினாள். இறங்கியவள் திரும்பினாள்.

"மொத மூட்டை மட்டுந்தாங்க கை தவறினது..."