எழுபத்திரண்டில் அடங்கிய எண்

வலது கையில் முழங்கைவரை கட்டுப் போட்டிருந்த பெண் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினாள்.

“முந்தாநேத்து மெஷின்ல நாலு விரல் போச்சுண்ணே. மிச்சமிருக்கிற கட்டைவிரல்ல மை தடவி, ‘என் கவனக்குறைவுதான்’னு ஒத்துக்கச் சொல்றாங்க. இன்னிக்குள்ள வைக்கலைன்னா வைத்தியமும் இல்ல, வேலையும் இல்லையாம். நான் கத்தின உடனே மேஸ்திரி கயித்தை இழுத்து மெஷினை நிறுத்தினாராம். பச்சைப் பொய். அது நிக்கவே இல்ல.”

கேட்டுக்கொண்டிருந்தவரை ஊரே ‘ஆணி’ என்றுதான் அழைக்கும். இருபது வருடம் பிட்டர் வேலை. இப்போது ஆலை விபத்துகளைத் துப்பறிகிறவர். எதற்கும் முந்திக்கொள்ளும் அவருடைய மச்சினன் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தான். மூவருமாகக் கிளம்பினார்கள்.

தகர மூடி அடிக்கும் ஆலையில் அந்த இயந்திரத்தைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மூடிகள் விழும் தட்டைக் காணோம். மேஸ்திரி தயங்காமல் விளக்கினான்.

“நிறுத்துற பட்டனை அமுக்கினா, தட்டு நிறைஞ்சுதான் நிக்கும். அடிக்கு ஒரு மூடி, தட்டுக்கு எழுபத்திரண்டு மூடி. கயித்தை இழுத்தா அந்த நொடியே நிக்கும். மெஷின் வந்த ஆறு வருஷத்துல கயித்தை இழுத்தது இதான் முதல் தடவை. அப்புறம் மெஷினை யாரும் தொடல சார்.”

முதல் நாளிலிருந்து ஒவ்வோர் அடியையும் எண்ணிவரும் கவுண்ட்டர், யாரும் மாற்ற முடியாதபடி ஈய முத்திரையோடு இருந்தது. 4831128.

“ஒவ்வொரு இலக்கமா கூட்டுடா” என்றார் ஆணி.

“இருபத்தேழு, மாமா.”

“அப்போ ஒன்பதால வகுபடும். கடைசி மூணு?”

“நூத்தியிருபத்தெட்டு. பதினாறு எட்டு.”

“முழு எண்ணும் எட்டால வகுபடும். எட்டையும் ஒன்பதையும் பொதுவா வகுக்கறது ஒண்ணைத் தவிர எதுவும் கிடையாது. இந்த ரெண்டு எண்ணாலயும் வகுபட்டா, ரெண்டையும் பெருக்கி வர்றதாலயும் வகுபடும்.”

“எழுபத்திரண்டு!” மச்சினன் கத்தியேவிட்டான். “தட்டு நிறைஞ்சிருக்கு!”

“ஆமா. கயிறு பாதியில நிறுத்தியிருந்தா மிச்சம் வரணும். ஒண்ணுகூட வரல. பட்டனை அமுக்கிட்டு, தட்டு நிறையற வரைக்கும் பார்த்துட்டு நின்னிருக்காங்க.”

“சரியா கடைசி மூடியில இழுத்திருப்பேன் சார்” என்றான் மேஸ்திரி.

“எழுபத்திரண்டுல ஒரு தடவை அப்படியும் நடக்கலாம். ஆனா கூரையிலருந்து தரை வரைக்கும் கிரீஸ் அப்பிக் கிடக்கு. ஆறு வருஷக் கயிறு மட்டும் நேத்து சலவைக்குப் போட்டு வந்த மாதிரி இருக்கே?”

மேஸ்திரி கயிற்றிலிருந்து பார்வையை விலக்கினான். “பழசு அறுந்து மூணு மாசமாச்சு. மாத்தணும்னேன். மெஷினை நிறுத்தக் கூடாதுன்னுட்டார் மேனேஜர். இதை நேத்துதான் கட்டினோம்.”

“அடப்பாவிகளா!” மச்சினன் மேஸ்திரியை நெருங்கினான். “அவ கைக்குக் கிடைக்காத கயிறு, உங்க பொய்க்கு ஒரே நாள்ல கிடைச்சுதா?”

ஆணி அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துக்காக மேஸ்திரியிடம் நீட்டினார். அந்தப் பெண் குறுக்கே வந்து தாளைப் பிடித்தாள்.

“இன்னொண்ணு எழுதணும்ணே. நான் கத்தினதுக்கப்புறம் பத்தொன்பது அடி. எண்ணினேன்.”