கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டை

ஆணியில் தொங்கிய துணிப்பை சூடாக இருந்தது. காலையிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அதில் தூங்கவேண்டிய மொட்டைவாலோ கூண்டுக்குள் சுருண்டு கிடந்தது. வெயிலே எட்டிப் பார்க்காத சுவரில் பை எப்படிச் சூடாகும் என்று யோசிக்கப் பிடிக்காமல், தையல்காரி அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மொட்டைவால் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சுகர் கிளைடர், அணில் மாதிரி இருந்துகொண்டு காற்றில் மிதந்து தாவும் பிராணி. கூட்டமாக வாழவேண்டிய பிராணி, ஜோடியைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றையாக வந்து சேர்ந்தது. யார் கிட்டே போனாலும் கரகரவென்று கத்தும். சரியாகச் சாப்பிடாமல், தன் வால் முடியைத் தானே கடித்து மொட்டையாக்கியிருந்தது.

"ஒரு வாரத்துல யார்கிட்டயாவது ஒட்டலைன்னா பொழைக்காதும்மா," என்று சொல்லிவிட்டார் மருத்துவர். "வீட்டாளுங்க போட்டுக் கழட்டின துணியில பை தைச்சு, துவைக்காம மாட்டிக்கங்க. சாயங்காலம் அது முழிச்சதும் பாத்ரூம் மாதிரி சின்ன ரூம்ல கதவைச் சாத்திட்டு உக்காருங்க. வாசம் பழகிட்டா தானா வந்து தாவும்."

பிள்ளையில்லாத வீட்டில் அதன்மேல் உயிரையே வைத்திருந்தாள் அவள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் கேட்பாரற்றுத் தொங்கிய கணவனின் பழுப்புச் சட்டையை வெட்டி, அன்றைக்கே பை தைத்துவிட்டாள்.

இன்று ஆறாம் நாள். இருட்டத் தொடங்கியதும் மொட்டைவாலோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்தாள். அது துண்டுக் கம்பியில் ஏறிக்கொண்டு கத்தியது. வாளியில் சொட்டும் தண்ணீரும், ஈரச் சுவரின் பாசி வாடையும், அதற்கெல்லாம் அடியில் இப்போதுதான் யாரோ கழற்றிப் போட்டதுபோல் புது வியர்வை வாடையும் அந்தச் சின்ன அறையை அடைத்துக்கொண்டிருந்தன.

ஷிஃப்டுக்குப் போயிருந்த கணவன் போனில் கூப்பிட்டான்.

"என்ன, ஒட்டிச்சா உன் செல்லம்?"

"ஒட்டினா உங்ககிட்டதான் ஒட்டும். பை உங்க பழுப்புச் சட்டையாச்சே."

"எந்தப் பழுப்புச் சட்டை?"

"கதவுக்குப் பின்னாடி தொங்குச்சே, அது."

"அது என்னுது இல்லடி. நாம குடிவந்த அன்னைக்கே அங்கதான் தொங்குச்சு. உன் தம்பி விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன்."

"தம்பி இந்த வீட்டுக்கு வந்ததே இல்லையே!"

பையைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

கத்தல் நின்றது.

மொட்டைவால் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், கதவுப் பக்கம் பார்த்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. தாவியது. அவள் தோளைத் தாண்டிப் போனது.

கதவில் மோதும் சத்தம் வரவில்லை.

திரும்பினாள்.

தாழ்ப்பாளை மறைத்தபடி, ஓர் ஆளின் நெஞ்சுயரத்தில், வெறும் காற்றை நான்கு கால்களாலும் பற்றிக்கொண்டிருந்தது மொட்டைவால். கண்கள் சொக்கியிருந்தன. பயம் போய்விட்டிருந்தது. அதன் உடம்பு மெல்ல முன்னே வந்தது, பின்னே போனது. மூச்சு விடும் நெஞ்சின்மேல் கிடப்பதுபோல்.

பிறகு அது, அப்படியே, அவளை நோக்கி ஓரடி நகர்ந்தது.