நூற்றுப் பதின்மூன்றாவது வரி

பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடித்துக் கால்மணி நேரம் கழித்துத்தான் அக்கா வாசலுக்கு வந்தாள். பிள்ளைகள் யாரும் கண்ணில் படக்கூடாது என்று கணக்குப் போட்டே வந்திருந்தாள். நீலப் பாவாடையும் இரட்டைச் சடையுமாக ஒருத்தி எதிரே வந்தாலும் போதும், ஒரு மாதமாக வயிற்றுக்குள் மூடி வைத்திருந்த நெருப்பு வெளியே வந்துவிடும்.

மழைக்கு முந்தைய இருட்டு கட்டடத்தின் மேல் கவிழ்ந்திருந்தது. வாட்ச்மேன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேடியோவோட அக்காவா?"

தலையாட்டினாள். வாய் ஓயாமல் பாடிக்கொண்டே இருந்ததால் தங்கைக்கு வீட்டில் அவள் வைத்த பெயர் அது. இங்கே வாட்ச்மேன் வரைக்கும் பரவியிருந்தது.

"உள்ளே போம்மா. ஆனா ஒண்ணு." அவர் குரல் தணிந்தது. "சேப்பல் மேல் ஜன்னலை நான் தினமும் சாத்துறேன். காலையில பார்த்தா திறந்து கெடக்கு. ஆணியும் அடிச்சுப் பார்த்துட்டேன்."

அந்த ஜன்னலிலிருந்து விழுந்துதான் ரேடியோ செத்துப்போனாள். பதின்மூன்று வயது.

அலுவலகத்தில் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரி, மதர், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பாட்டு டீச்சர், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி. மேஜை மேல் ஓர் அட்டைப்பெட்டி. தங்கையின் பள்ளி வாழ்க்கை மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. பாடற்குழுவின் வெள்ளை அங்கி, பாதி பூத்தையலோடு நின்றுபோன கைக்குட்டை, பேச்சுப்போட்டிச் சான்றிதழ், இதயத்தின் அறைகளை வரைந்த அறிவியல் படம், நோட்டுப் புத்தகங்கள். ஒவ்வொரு நோட்டின் கீழ் ஓரத்திலும் ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் ஒரு கம்பி. ரேடியோ படம். கையெழுத்துக்குப் பதிலாக அதைத்தான் அவள் போடுவாள்.

மதர் ஒரு கடிதத்தை நகர்த்தினார். பொருள்களைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் என்றார். அக்கா படித்தாள். நடுவில் ஒரு வரி ஒளிந்திருந்தது. மாணவி அனுமதியின்றிச் சாவியை எடுத்து சேப்பல் மாடத்துக்குச் சென்றதால் விபத்து நேர்ந்தது.

அக்கா பேனாவைத் தொடவில்லை. பெட்டியிலிருந்து இம்போசிஷன் நோட்டை எடுத்தாள். இந்தப் பள்ளிக்கூடத்தில் தண்டனை எழுத எல்லோருக்கும் தனி நோட்டு உண்டு. தாளின் ஒரு பக்கம் மட்டும்தான் எழுத வேண்டும், பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி.

அவளுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. ஒன்பது வருடமாகத் தாள்களைத் தைக்கிற விரல்கள். நடுவில் தைத்த நோட்டில் முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதன் ஜோடித் தாள் ஆட்டம் காணும். விரல் ஓட்டிப் பார்த்தாள். பின்னால் நாலு தாள்கள் ஆடின.

"நாலு தாளைக் கிழிச்சிருக்கு. யாரு கிழிச்சது?"

பாட்டு டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். பழைய நோட்டு, பிள்ளைகளே கிழித்திருப்பார்கள் என்றார்.

அக்கா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். வெற்றுத்தாள். ஆனால் கீழ் ஓரத்தில் டீச்சருடைய சுருக்கக் கையெழுத்து, தேதியோடு. அடுத்த தாளிலும் அதே. எண்ணினாள். ஏழு தாள்.

தங்கை சொல்லியிருக்கிறாள். தண்டனை கொடுக்கிற டீச்சர், எத்தனை தாள் ஆகும் என்று கணக்குப் பார்த்து அத்தனையிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுத்தான் கொடுப்பார். பழைய தாளைச் சொருகி ஏமாற்றக்கூடாதாம். எழுதி முடியும்வரை சேப்பல் மாடத்தில் பூட்டியும் வைப்பார். எழுதிய தாளைக் கிழித்தவருக்கு, எழுதாத தாளில் தன் கையெழுத்து காத்திருப்பது மறந்துபோயிருந்தது.

தேதி, தங்கை செத்த வெள்ளிக்கிழமை.

"அன்னைக்கு நீங்கதான் இம்போசிஷன் கொடுத்திருக்கீங்க. மேலே பூட்டி வச்சு எழுத வச்சது நீங்க. அவ சாவியை எடுத்தான்னு எழுதிக் கையெழுத்துக் கேக்குறீங்க."

"அவ பொய் சொன்னா. அதுக்குத்தான் முந்நூறு வரி," என்றார் டீச்சர். "கட்டுரைப் போட்டிக்கு அவ கொடுத்தது சின்னப் பிள்ளை வேலை இல்ல. நூல் கோத்து எவ்வளவு நேர்த்தியாத் தைச்சிருந்துச்சு. தைச்ச கைதான் எழுதியிருக்கும்னு…"

தைத்தது அக்காதான். அச்சகத்தில் இரவல் வாங்கிய நூலில், ஆசையாக. ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. தான் போட்ட தையலே தங்கைக்குத் தூக்குக்கயிறு ஆகும் என்று யார் கண்டது?

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுநூறு பிள்ளைங்க படிக்கிற இடம்மா. போன பிள்ளை திரும்பி வரப்போறதில்ல. இருக்கிறவங்களைப் பார்க்கணும்ல?"

"திருடின்னும் பொய்க்காரின்னும் அவ பேரை எழுதி வச்சிட்டு இருக்கிறவங்களைப் பாருங்க. மாடத்தைக் காட்டுங்க. பார்த்துட்டு வந்து சொல்றேன், கையெழுத்துப் போடுவேனா மாட்டேனான்னு."

மதர் கண் காட்டினார். டீச்சர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அக்கா நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

சேப்பலுக்குள் மெழுகுவாசனை. மாடத்துக்குப் போகும் மரப்படிகள் குறுகலாக, வளைந்து ஏறின. பாதியில் மெழுகுவாசனை நின்று, ஈர மை வாசனை தொடங்கியது. டீச்சர் கதவைத் திறந்தார். சாவி கைதவறிக் கீழே விழுந்தது. அக்கா எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

ஒரு ஹார்மோனியம், மூன்று வரிசை பெஞ்சு, ஜன்னலோரம் ஒரு மேஜை நாற்காலி. ஜன்னல் விரியத் திறந்திருந்தது. வாட்ச்மேன் அடித்த ஆணி தரையில், வளையாமல், யாரோ கவனமாகப் பிடுங்கி வைத்ததுபோலக் கிடந்தது.

மழை தொடங்கியது.

மழைக்குள் இன்னொரு சத்தம். தாளில் நிப் கீறும் சத்தம்.

டீச்சர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "எலி," என்று முணுமுணுத்தார்.

அப்புறம் ஒரு முனகல் வந்தது. பாடற்குழுப் பாட்டு ஒன்றின் இரண்டாம் குரல் மட்டும், முதல் குரலுக்குத் துணையாகப் பாடுவது. முதல் குரல் இல்லாமல் கேட்டால் அது பாட்டாகவே இருக்காது. வீட்டில் மாதக்கணக்காக அதைப் பாடிப் பாடிப் பழகியவளை, பாதிப் பாட்டுக்காரி என்று அக்கா கேலி செய்திருக்கிறாள்.

இப்போது அந்தப் பாதி, ஜன்னலுக்கு வெளியே இருந்து வந்தது.

அக்காவின் கையிலிருந்த நோட்டு சில்லிட்டது. விரித்தாள். வெற்றுத்தாளின் முதல் கோட்டில் மை ஊறிக்கொண்டிருந்தது. சாய்ந்த, குண்டு குண்டான எழுத்து. கிழிந்த நாலு தாளுக்கு நூற்றுப் பன்னிரண்டு வரி. அதற்கு மேல் தொடர்ந்தது.

113. நான் இனிப் பொய் சொல்ல மாட்டேன்.

அக்காவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. செத்தும் பிள்ளைக்கு விடுதலை இல்லை. செய்யாத குற்றத்துக்கு இன்னும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"போதும்டி," என்றாள். "பேனாவைக் கீழே வை. நீ பொய் சொல்லலை. சொன்னவங்க இங்கேதான் நிக்கிறாங்க. மிச்சத்தை அவங்க எழுதட்டும்."

நிப் சத்தம் நின்றது.

முனகலும் நின்றது.

நாற்காலி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. யாரையோ உட்காரச் சொல்வதுபோல.

டீச்சர் வரமாட்டேன் என்றுதான் தலையாட்டினார். கால்கள் கேட்கவில்லை. மேஜைக்குப் போய் உட்கார்ந்தார். அக்கா நோட்டை எதிரே வைத்தாள். டீச்சரின் விரல்களுக்கு நடுவே ஒரு பேனா இருந்தது. எங்கிருந்து வந்ததென்று இருவருமே பார்க்கவில்லை. கை எழுதத் தொடங்கியது. டீச்சரின் கை. ஆனால் எழுத்து சாய்ந்து, குண்டு குண்டாக விழுந்தது.

"சாவி அன்னைக்கு எங்கே இருந்துச்சு?"

"என் கைப்பையில." டீச்சர் அழுதார், கை மட்டும் நிற்கவில்லை. "பஸ் வந்துடுச்சு. மறந்தே போயிட்டேன். ராத்திரி ஞாபகம் வந்துச்சு. காலையில பார்த்துக்கலாம்னு…"

"ராத்திரியே ஞாபகம் வந்துச்சா?"

டீச்சர் தலையைக் குனிந்து எழுதினார். கீறல் சத்தம் மட்டும்.

அக்கா வாசலுக்கு வந்தாள். சாவி உள்ளங்கையில் இருந்தது. பூட்டிவிட்டுப் போகலாம் என்று கை துடித்தது. நான் உங்களை மாதிரி இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

நாலாவது படியில் கால் வைத்தபோது பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பூட்டு இரண்டு முறை திரும்பியது.

சாவி அவள் கையில்தான் இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து சாவியை மதரின் மேஜையில் வைத்தாள். "டீச்சர் மேலே இருக்காங்க. நூத்தி எண்பத்தேழு வரி பாக்கி. மழை பெய்யுது, ஜன்னல் திறந்திருக்கு. நீங்களாவது மறந்துடாதீங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மதர் கடிதத்தையே வெறித்துக்கொண்டிருந்தார். அக்காவும் பார்த்தாள். அவள் கையெழுத்துக்காக விட்டிருந்த இடம் காலியாகத்தான் இருந்தது. அதற்கும் கீழே, தாளின் ஓரத்தில், ஈரம் காயாத மையில் ஒரு சின்னப் பெட்டி. தலையில் ஒரு கம்பி. பக்கத்தில் இன்றைய தேதி.

மதர் மேஜை டிராயரை இழுத்தார். பள்ளிக்கூடத்தின் பெயர் அச்சடித்த வெற்றுத்தாள் கட்டு. முதல் தாளில் ரேடியோ. புரட்டினார். அடுத்ததிலும் ரேடியோ. கட்டின் கடைசித் தாள் வரைக்கும், ஒன்று விடாமல், முன்கூட்டியே போட்டு வைத்திருந்தது.

முதல் தாளின் மேல் ஓரத்தில் மட்டும், இடது பக்கம், ஓர் எண் காத்திருந்தது.

1.