கொழிஞ்சிக் கோட்டையின் நிழல்

கி.பி. 1660, மாசி மாதம். அமராவதி ஆற்றின் வடகரையிலிருந்த கொழிஞ்சிக் கோட்டையில் கடைசி நெல்மூட்டையும் தீர்ந்தது. அதே வாரத்தில் கோட்டைத் தலைவர் இம்முடி வேலப்பர் காய்ச்சலில் இறந்தார்.

இரண்டாவது செய்தி கோட்டைக்குள் இருவருக்கு மட்டுமே தெரியும். ஒருத்தி அவருடைய மகள் அரங்கநாச்சியார். மற்றவள் பூவணத்தாள், கார்த்திகை தீபத்துக்குத் தோல்பாவைக் கூத்து ஆட வந்து, முற்றுகையில் அகப்பட்டு, மதில் தாண்டி வந்த அம்பு ஒன்றுக்குக் கணவனைப் பறிகொடுத்தவள். வேலப்பரை நந்தவனத்தில் புதைத்தபோது இருவரும் அழவில்லை. அழுதால் வெளியே கேட்கும்.

ஏன் மறைத்தார்கள் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்நாட்களில் தலைவனுக்கு உயிர்க்காவலர் என்றொரு படை உண்டு. தலைவன் இறந்தான் என்ற சொல் காதில் விழுந்த அன்றே, தம் தலையைத் தம் கையால் அரிந்து கொற்றவையின் பீடத்தில் வைப்பதாக அவர்கள் சத்தியம் செய்தவர்கள். கோட்டையில் வாளேந்தும் வலுவோடு எஞ்சியிருந்தவர்கள் அவர்கள்தாம். அந்தப் படையின் தளபதி மல்லரசன். தை பிறந்ததும் அவனுக்கும் அரங்கநாச்சியாருக்கும் திருமணம் என்று வேலப்பர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் மார்கழிப் பனியினூடே வடக்கேயிருந்து படையெடுத்து வந்த தளவாயின் கூடாரங்கள் மதிலுக்கு வெளியே முளைத்துவிட்டன.

"பிரபுவுக்குக் காய்ச்சல் தணியவில்லை, வெளிக்காற்று ஆகாது. அந்திதோறும் மேல்மாடத்துத் திரைக்குப் பின்னிருந்து பேசுவார்" என்று காவலருக்கு அறிவித்துவிட்டு, தந்தையின் மான்தோல் ஆசனத்தைக் கொண்டுவந்து பூவணத்தாளின் முன் விரித்தாள் அரங்கநாச்சியார்.

"இதில் என் தந்தையை வெட்டிக் கொடு."

பூவணத்தாள் அந்தத் தோலைத் தொடவில்லை. "எம்பட தோல்பாவைக, ராமனையும் சீதையையும் உங்க ஆளுக வேகவெச்சுத் தின்னாச்சுங்க தாயி. தின்னவங்களக் குத்தம் சொல்லல, எனக்கும் ஒரு துண்டு குடுத்தாங்க. ஆனா அதோட எங்கிட்ட இருந்த கதையும் போயிருச்சு. கையி வெட்டும். வாயி பேசாதுங்க."

"பேசாவிட்டால் உயிர்க்காவலர் அத்தனை பேரும் இறப்பார்கள். மல்லரசரும் இறப்பார்."

பூவணத்தாள் தோலை இழுத்து வைத்துக் கத்தியை எடுத்தாள். துளையிடாமல், சாயம் ஏற்றாமல் வெட்டினாள். தோலுக்குள் ஒளி புகுந்தால் அது பாவை, புகாவிட்டால் ஆள். விளக்குக்கு நெருக்கமாகப் பிடித்தபோது நிழல் ஆளுயரம் வளர்ந்தது. வேலப்பரின் வளைந்த மூக்கைச் சுவரில் கண்ட மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதல் அந்தியில் முற்றத்தில் காவலர்கள் கூடினர். திரையில் நிழல் வந்து அமர்ந்தது. பூவணத்தாள் கோலைப் பிடித்துக்கொண்டு வாய் திறந்தாள். கூத்துக்காரியின் குரலில் அரசரும் அரக்கரும் குடியிருப்பார்கள். அன்று ஒருவரும் வரவில்லை. அப்போது கூட்டத்திலிருந்து ஒருவன், "பசிக்குதுங்க பிரபு" என்றான். முறையீடாகக்கூட இல்லை; குழந்தை சொல்வதுபோலச் சொன்னான்.

அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் குரல் கிளம்பியது. கரகரத்த, காய்ச்சல் கண்ட ஆண்குரல்.

"பசியா? உன்னைப்போல் பசித்த திருடன் ஒருவன், ஊருக்கே சோறு கொண்டுவருகிறேன் என்று தளவாயின் அடுக்களைக்குள் புகுந்தான், கேள்…"

திருடன் முதலில் மோர்ப்பந்தலில் சிக்கினான். மறுநாள் அந்தியில் சமையற்காரனின் குறட்டையை யானையென்று எண்ணிப் பெரிய புளித்தாழிக்குள் ஒளிந்தான். இடுப்பு வார்களை ஊறவைத்து மென்றுகொண்டிருந்த காவலர்கள் சிரித்தார்கள். காவல் மாறும்போதெல்லாம் அதே பேச்சு.

"இன்னிக்காவது பானையத் தூக்குவானாப்பா?"

"அட போப்பா, நீ போயிருந்தா அங்கயே உக்காந்து தின்னு தீத்திருப்பே."

"அது கெடக்கட்டும், நம்ம பிரபு சிரிச்சே நாம பாத்ததில்லியே, இந்தக் குசும்பெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"காய்ச்சல் மண்டைக்கு ஏறிருக்கும். எறங்காம இருக்கட்டும், சாமி."

இப்படியே மாசி தேய்ந்தது. பசியில் மாண்டவர்களைக் குழிவெட்டிப் புதைக்க ஆட்கள் குறைந்தனர். ஆயினும் ஒரு காவலனும் காவலைக் கைவிடவில்லை.

ஒரு மாலை, மேற்கே சிவந்த வானமும் கிழக்கே எழுந்த நிலவும் ஒருசேர ஆற்றில் கிடந்த வேளையில், மல்லரசன் மேல்மாடத்துக்குத் தனியாக ஏறி வந்தான். காய்ச்சல் தணியும்வரை காவலர் யாரும் அங்கே வரக்கூடாது என்பது நாச்சியாரின் கட்டளை. அரங்கநாச்சியார் திரைக்கு முன் எழுந்து நின்றாள்.

"தந்தை உறங்குகிறார்."

"நாச்சியாரே, முற்றத்திலிருந்து பார்த்தால் பிரபுவின் பள்ளியறைக் கதவு திரைக்கு இடப்புறம் இருக்கிறது. அக்கதவைப் பல ஆண்டுகள் காத்தவன் நான். நிழலோ அந்திதோறும் வலப்புறமிருந்து வருகிறது."

திரைக்குப் பின்னாலிருந்து பூவணத்தாள் வெளியே வந்தாள். கூத்துத்திரையில் நல்லவர்கள் வலப்புறமிருந்தும் கெட்டவர்கள் இடப்புறமிருந்தும் வருவதே மரபு. அந்தப் பழக்கத்தில் அவள் கை வேலப்பரையும் நல்லவராக வலப்புறமிருந்தே கொண்டுவந்திருந்தது.

"எப்போது அறிந்தீர்?" என்றாள் அரங்கநாச்சியார்.

"முதல் அந்தியிலேயே."

"சத்தியம்?"

"சொல் காதில் விழவேண்டும் என்பதே சத்தியம். யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திருடன் என்ன ஆனான் என்று அறிய எனக்கும் ஆசை இருந்தது." அவன் முகம் இறுகியது. "இன்று ஒற்றன் திரும்பினான். தெற்கேயிருந்து நமக்கு உதவ வந்த படை பாதி வழியில் திரும்பிவிட்டது. இனி யாரும் வரமாட்டார்கள். நாங்கள் வடவாசலைத் திறந்து தளவாயின் மேல் விழுந்தால், ஆற்றுவாசல் வழியே மக்கள் பரிசலேறப் போதுமான பொழுது கிடைக்கும். களத்தில் விழும் தலையையும் கொற்றவை ஏற்பாள். ஆனால் பிரபு உயிரோடிருக்கும்வரை அவரை விட்டு அகல எங்களுக்கு உரிமையில்லை. ஆகவே எல்லாருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கள்."

"அந்தச் சொல்லைச் சொல்லாதிருக்கவே இத்தனை நாள் பொய்யோடு வாழ்ந்தேன்."

"தெரியும்."

"தெரிந்துமா கேட்கிறீர்?"

"தங்களைத் தவிர வேறு யாரிடம் கேட்பேன்?"

மல்லரசன் வணங்கிவிட்டு முற்றத்துக்கு இறங்கினான்.

விளக்கேற்றப்பட்டது. வழக்கம்போல் வலப்புறமிருந்து நிழல் வந்தது. கீழிருந்து கேட்ட குரல் மல்லரசனுடையது. "பிரபு, திருடன் என்ன ஆனான்?"

பூவணத்தாள் கதைக்கு முடிவு யோசித்து வைத்திருக்கவில்லை. முடிக்கும் எண்ணமே அவளுக்கு இருந்ததில்லை. "பிடிபட்டான்" என்றது நிழல். முற்றத்தில் பெருமூச்சு எழுந்தது. "பிடிபடுமுன் பானையைச் சுவருக்கு வெளியே இறக்கிவிட்டான். ஊரார் கயிற்றை இழுத்துக்கொண்டார்கள்."

நிழல் வலப்புறமாகவே மறைந்தது. சற்று நேரம் திரை வெறுமையாக இருந்தது. பின்பு அதே நிழல், பழகாத கையில் நடுங்கிக்கொண்டு, இடப்புறமிருந்து வந்தது. இம்முறை பேசியது பெண்குரல்.

"வீரர்களே, நான் அரங்கநாச்சி. என் தந்தை இறந்துவிட்டார். இத்தனை நாளும் நீங்கள் கண்டது தோல்."

திரை கீழே விழுந்தது. கையில் பாவைக் கோலுடன் அவள் நின்றாள். பக்கத்தில் விளக்கைப் பிடித்தபடி பூவணத்தாள். முற்றத்திலிருந்து ஒரு காவலன் மட்டும், "நல்லாத்தான் கதை சொன்னே அம்மணி" என்றான், பூவணத்தாளைப் பார்த்து.

மல்லரசன் மேலே பார்த்து ஒருமுறை தலை வணங்கினான். வடவாசல் திறக்கப்பட்டது.

விடிவதற்குள் பெண்களும் குழந்தைகளும் தென்கரை சேர்ந்தனர். உயிர்க்காவலரில் ஒருவரும் திரும்பவில்லை. அரங்கநாச்சியாரும் பூவணத்தாளும் கடைசிப் பரிசலில் ஏறினர். மறுநாள் காலை தளவாயின் படை கோட்டைக்குள் நுழைந்து அரண்மனைக்குத் தீ வைத்தது. மேல்மாடத்தில் விட்டு வந்த பாவையும் அதில் எரிந்தது.