மூன்று நிமிடக் கோடு

"நேத்து உங்க கோடு பளிச்சுனு வந்துச்சு அண்ணி," என்றான் அவள் கணவனின் துறைமுக நண்பன், போனில். "ஆமையார்கிட்ட சொல்லிடுங்க."

நேற்று அவள் ரேடியோ கருவியைத் தொடவே இல்லை. கணவனுக்கு உடம்பு துடைத்து, விரிப்பு மாற்றி, நாற்காலியில் சாய்ந்தவள் எட்டரைக்கே அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டாள்.

"வேற யாராவது இருக்கும் தம்பி."

"உங்க வீட்டு அடையாள எழுத்த வேற எவன் போடுவான்? பேயா?" அவன் சிரித்தான். "அதுவும் எப்பவும் விட பலமா. ஏரியல உசத்திட்டீங்களா?"

ஆமை என்பது அவள் கணவனுக்கு நண்பர்கள் வைத்த பெயர். மற்றவர்கள் ரேடியோவில் உலகம் முழுக்க வாயாடினால், இவன் மட்டும் மிகத் தாழ்ந்த அலைவரிசையில், மோர்ஸ் எழுத்துகளை ஊர்ந்து போக விடுவான். ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம், ஒரு கோட்டுக்கு மூன்று. காதுக்கு எதுவும் கேட்காது. தொலைவில் இருப்பவன் கணினித் திரையில், இரைச்சலின் சாம்பல் நிறத்துக்கு நடுவே, நகம் கீறியது போன்ற வெள்ளை இழையாகப் பார்த்துப் படிக்க வேண்டும். இருட்டிய பிறகுதான் அது தூரம் போகும்.

பக்கவாதம் அவன் பேச்சையும் கைகால்களையும் எடுத்துக்கொண்டு பதினொரு மாதமாகிறது. அதன் பிறகும் இரவுதோறும் அவள்தான் கருவியை இயக்கினாள். கல்யாணமான புதிதில் அவளையும் தேர்வு எழுதவைத்து உரிமம் வாங்கித் தந்திருந்தான். உள்ளே சுவிட்ச் 'டக்' என்று விழும் சத்தம் கேட்டால் அவன் புருவம் லேசாகத் தளரும். அவன் இன்னும் உள்ளே இருக்கிறான் என்பதற்கு அவளிடம் வேறு சாட்சி இல்லை. அது ஒன்றுக்காகத்தான் இத்தனை பாடும்.

அன்றிரவு அவள் எதையும் அனுப்பவில்லை. பெறும் கருவியை மட்டும் திறந்து, கணினியைக் கட்டிலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காற்று மெத்தையின் மோட்டார் பெருமூச்சு விட்டபடி இருந்தது. கிருமிநாசினியும் பவுடரும் கலந்த வாடை, எத்தனை முறை ஜன்னலைத் திறந்தாலும் போகாத வாடை, அவள் புடவையிலும் தலைமுடியிலும் ஏறி உட்கார்ந்திருந்தது.

ஒன்பது பத்துக்குத் திரையில் கோடு விழத் தொடங்கியது.

தங்கள் அனுப்பும் கருவிதான் கசிகிறது என்று நினைத்து, எழுந்து அதன் பிளக்கைப் பிடுங்கினாள். கோடு நிற்கவில்லை. ஜன்னலுக்குப் போய் ஏரியல் கம்பியையே கழற்றினாள். இழை மயிரளவும் மெலியவில்லை. ஏரியல் இல்லாமலே இவ்வளவு பலமாக வருகிறதென்றால், அனுப்புவது இந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அறையில் ஏதோ ஒன்று குறைந்தது. என்னவென்று பிடிபடச் சற்று நேரமானது.

அவன் மூச்சு.

பாய்ந்து தோளை உலுக்கினாள். திரையில் கோடு அறுந்தது. அவன் ஆழமாக இழுத்து மூச்சு விட்டான்.

பகலில் வரும் நர்ஸுக்குப் போன் செய்தாள். "தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும்மா, இவங்களுக்கெல்லாம் சகஜம்தான்," என்றாள் அவள், கொட்டாவியோடு. "உங்களுக்கு நிமிஷக்கணக்கா தெரியும். எண்ணிப் பாத்தா பத்து செகண்டுதான் இருக்கும். படுங்கம்மா நீங்க."

அவள் எண்ணினாள். கை அவன் மார்பில், கண் சுவர்க் கடிகாரத்தில். கோடு விழுந்தால் மார்பு அசையாது. கோடு அறுந்தால் மூச்சு வரும். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். மீண்டும் மூன்று. உதடு நீலம் பாரிக்கவில்லை. உடம்பு சில்லிடவில்லை. பயப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லாமல், பழக்கத்தால், விரல் தானாகவே எழுத்துகளை நோட்டில் குறித்தது. எத்தனை மாதமாக ஏங்கியிருக்கிறாள், அவனிடமிருந்து ஒரு சொல்லுக்கு.

ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல். P, O, I, D, U. ஐந்தெழுத்து. ஐம்பது நிமிடம்.

போயிடு.

பேனா கீழே விழுந்தது. போன வாரம், ஒரே இரவில் மூன்றாம் முறை விரிப்பு அலசியபோது, குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, ஈரத் துண்டில் வாயை அழுத்திக்கொண்டு அவனை நினைத்து அவள் சொன்ன சொல் அது. சாமியிடம்கூடச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை.

மறுபடி கோடு.

ஒரு நிமிடம். மூன்று. நான்கு.

நான்கு நிமிடக் கோடு மோர்ஸில் கிடையாது.

"அலுப்புல வந்த வார்த்தைங்க அது." அவன் முகத்தை இரு கையாலும் ஏந்தினாள். "சத்தியமா மனசுல இல்ல. மூச்சு விடுங்க. விடுங்களேன்."

ஒன்பது. பதினைந்து. மார்பு கல்.

அப்போது அவன் கண் திறந்தான். அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான். கோடு நீள நீள, கருவிழிகள் அதன் நுனியைத் தொடர்ந்து நகர்ந்தன. மூச்சில்லாமல்.

அவளும் திரும்பினாள்.

அந்தக் கோட்டுக்குக் கீழே, ஒரு விரற்கடை தள்ளி, இன்னொன்று தொடங்கியிருந்தது. மெல்லியது. புதியது.

அலற வாய் திறந்தாள். அலறவும் காற்று வேண்டும். நெஞ்சு எழவில்லை. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடாமல் திரையின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருந்தன.